காக்காக் கடி

குளியலறை மாடத்தில் இருந்த சோப்பு காலையில் பாதியாகியிருந்தது.

கரைந்து பாதியாகவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் தேவிப்ரியா அதன் உறையைப் பிரித்து வைத்திருந்தாள். மேலே பொறித்த எழுத்தில் முதல் பாதி அழியாமல் இருந்தது. மிச்ச எழுத்தோடு மறுபக்கம் காணாமல் போயிருந்தது. கத்தியால் அறுத்திருந்தால் வழவழப்பாக இருக்கும். இங்கே சிறு சிறு பள்ளங்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருந்தன. எலியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டுக்குப் பின்னாலேயே கரும்புத் தோட்டம், எலிக்கா பஞ்சம். ஆனால் எலியின் பல் இத்தனை அகலம் இருக்காது. சோப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் பொடிப்பொடிக் கட்டங்களாக ஒரு தடம் பதிந்திருந்தது. பிசைந்த மாவின் மேல் துணியைப் போட்டு அழுத்தினால் விழுகிற தடம் அது.

யாரோ சோப்பின் மேல் துணியைப் போர்த்திக் கடித்திருக்கிறார்கள்.

நினைத்த மாத்திரத்தில் அவள் நாக்கில் சோப்பின் காரமும் கசப்பும் ஊறிக்கொண்டு வந்தன. குனிந்து துப்பினாள். துப்பிவிட்டு நிமிர்ந்தவளுக்கு, சோப்பை எடுத்த இடத்தைப் பார்த்ததும் இன்னொன்று உறைத்தது. அது வழக்கமான டப்பாவில் இருக்கவில்லை. அவளுடைய பிரஷ்ஷுக்குப் பக்கத்தில், நான்காக மடித்த ஒரு காகிதத்தின் மேல், விருந்தாளிக்குப் பலகாரம் வைப்பதுபோல இருந்தது. கடித்தவர் மறந்து விட்டுப் போனது இல்லை. அவளுக்கென்று எடுத்து வைத்தது.

அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. அம்மா ராஜம்மாள் லேசில் சிரிக்கிறவள் இல்லை. சிரிப்போடு கூடவே இன்னொரு குரல், குழைந்த குரல், "இன்னும் கொஞ்சம் குடும்மா" என்றது.

"சாப்டு ப்ரியா, உனக்கில்லாததா," என்றாள் அம்மா.

பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் ப்ரியா என்று கூப்பிடப்பட்டது தேவிப்ரியாதான். போன வாரம் வரைக்கும்.

இதற்கெல்லாம் ஆரம்பம் வியட்நாமில், ஹோய் ஆன் என்ற ஊரில், ஒரு ஹாஸ்டல் அறையில். கிரிவலப் பாதையோரத்து அடி அண்ணாமலையிலிருந்து தனியாக வெளிநாடு போய்விட்டு வந்த முதல் பெண் தன் மகள்தான் என்று அப்பா தருமன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறவள், லீவு சேர்த்து வைத்து, சண்டை போட்டு, அழுது, கிளம்பிப் போனாள். தனியாகப் போவது என்றால் அங்கே தனியாக இருப்பதும் சேர்ந்ததுதான் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. அறை முழுக்க அடுக்குக் கட்டில்கள். காயாத துண்டு வாடை, ஷூ வாடை, யாரோ தின்றுவிட்டு மூடாமல் வைத்த மீன் வாடை. வந்து தங்கினால் உலகம் முழுக்க நண்பர்கள் கிடைப்பார்கள் என்று அந்த ஹாஸ்டல் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அவளிடமோ 'கொஞ்சம் வழி விடு' என்பதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளாளுக்குத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு போனுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அம்மா கட்டிக் கொடுத்த மல்லாட்டை உருண்டை டப்பாவைத் திறந்தாள். சொந்தக் கொல்லையில் விளைந்த வேர்க்கடலை. வெல்லப்பாகில் அம்மா கையால் பிடித்தது. கடைசியாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்போது மேல் கட்டிலிலிருந்து ஒரு தலை தலைகீழாகத் தொங்கியது. முடி தரையைப் பார்த்து விழ, வாய் மேலேயும் கண் கீழேயுமாக அந்த முகம் டப்பாவையே பார்த்தது.

அது என்னது என்று இங்கிலீஷில் கேட்டது.

ஒரு ஆள் பேசிவிட்டதே என்ற சந்தோஷத்தில் தேவிப்ரியா யோசிக்கவே இல்லை. துப்பட்டா முனையால் உருண்டையை மூடி, துணியோடு சேர்த்துக் கடித்தாள். கடக். பாதி தனக்கு, பாதி அவளுக்கு. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொள்கிற காக்காக் கடி. இப்படிக் கடித்தால் எச்சில் படாது, எங்கள் ஊரில் 'எச்சி இல்ல' என்போம் என்று விளக்கினாள். இப்படிப் பங்கு போட்டுவிட்டால் அதற்கப்புறம் ஃப்ரெண்ட்ஸ், எது கிடைத்தாலும் பாதி கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

"எதுவா இருந்தாலுமா?" என்று கேட்டது அந்தத் தலை.

"எதுவா இருந்தாலும்," என்றாள் தேவிப்ரியா.

அந்தப் பெண் இறங்கி வந்தாள். உருண்டையை உடனே தின்னவில்லை. துப்பட்டா முனையை வாங்கி, தேவிப்ரியாவின் பல் பட்டுக் கசங்கிய இடத்தைத் தன் வாய்க்குள் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் சப்பினாள். பிறகுதான் 'எச்சி இல்ல' என்று சொல்லிப் பார்த்தாள், குழந்தை பாடம் ஒப்பிப்பதுபோல. தேவிப்ரியாவுக்கு உடம்பு கூசியது. பேர் கேட்டதற்கு, தேவிப்ரியா, நீளமாக இருந்தால் பாதியைக் கூப்பிடு என்று சொன்னாள். "எந்தப் பாதி எனக்கு?" என்று கேட்டாள் அவள். பாவம், இங்கிலீஷ் சரியாக வரவில்லை என்று தேவிப்ரியா நினைத்துக்கொண்டாள்.

அவள் எந்த நாடு என்று கடைசிவரை தெரியவில்லை. அறையில் இருந்த தாய்லாந்துக்காரி அவளை மலேசியா என்றாள். பிரேசில்காரன் தன் ஊர்ப்பக்கத்து முகம் என்று அடித்துச் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து தேவிப்ரியா தனியாக இல்லை. சோறு, மாம்பழம், குடை, கட்டில், எல்லாம் பாதிப் பாதி. ஒருநாள் காலையில் பின்னலின் நுனியில் ஒரு சாண் முடி ரப்பர் பேண்டோடு போயிருந்தது. கட்டில் இரும்பில் சிக்கி அறுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும் என்று இருக்கிற நேரத்தில் மனுஷி எதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வாள்.

கிளம்புகிற அன்று, இந்தியா வந்தால் கண்டிப்பாக எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லி, ஊரையும் தெருவையும் பச்சை கேட்டையும் அடையாளம் சொன்னாள். பஸ் ஏறும்போது நாம் எல்லோரிடமும் சொல்வதுதான் அது. சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும், யாரும் வரப்போவதில்லை என்று. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

போன வாரம் ஒரு வேலையாக வேங்கிக்கால் வரை போயிருந்தபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. "உன் ஃப்ரெண்டு வந்து ஒக்காந்துகினு இருக்குது. பேரு ப்ரியாவாம். இன்னா அதிசயம் பாரேன், உன் பேரே." அப்படி ஒரு ஃப்ரெண்டு தனக்கு இல்லையே என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அடுப்பங்கரையில் அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த ஹாஸ்டல் பெண் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள்.

தமிழ் பேசியது பெரிய விஷயம் இல்லை. வெள்ளைக்காரர்கள் கீரைக்காரியிடம் பேரம் பேசுகிற ஊர் இது. ஆனால் அவள் பேசியது கற்றுக்கொண்ட தமிழ் இல்லை. 'இன்னா', 'வச்சிகினு', 'கம்மியா போடும்மா' என்று அம்மா எப்படி இழுப்பாளோ அப்படியே இழுத்தாள். அம்மாவின் பேச்சிலிருந்து பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு ப்ரியாவை எப்படிக் கூப்பிடுவது, நீ தேவியாக இருந்துவிட்டுப் போ என்று அம்மா சொன்னபோது தேவிப்ரியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று தேற்றிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை அவளுக்கு. அம்மா குழம்புச் சாதத்தைப் பிசைந்து உருண்டை பிடித்துக் கையை நீட்டுவாள். வந்தவள் கையால் வாங்க மாட்டாள். தலையைக் குனிந்து, உள்ளங்கையிலேயே வாயை வைப்பாள். உருண்டை போன பிறகும் வாய் எழாது. சளப் சளப்பென்று ஒரு சத்தம், நாய் கஞ்சி குடிக்கிற சத்தம், அம்மாவின் விரலிடுக்குகளில் நகரும். கை நனைந்து பளபளக்கும். அம்மா அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதே கையால் அடுத்த உருண்டையைப் பிடிப்பாள்.

"அம்மா, எச்சிம்மா," என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்.

"உனக்கு எதத் தொட்டாலும் எச்சி. பெத்தவ கையில ஒருநாளு வாங்கித் தின்னுருப்பியா நீ? இந்தப் பொண்ணப் பாரு," என்றாள் ராஜம்மாள்.

வீடு முழுக்க ஒரு வாடை பரவியது. வறுத்த வேர்க்கடலையும், எச்சில் ஊறிக் காய்ந்த துணியும் சேர்ந்த வாடை. தலையணை உறையின் மூலை, கைப்பிடித் துணி, ஜன்னல் திரை, எதை எடுத்தாலும் ஒரு முனை மென்று விறைத்திருந்தது. குளிக்கும்போது முகம் துடைக்கத் துண்டை எடுத்தால் கன்னத்தில் பல் தடம் உறுத்தும். தேவிப்ரியா தன் அறையை விருந்தாளிக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டாள். எழுந்தால் பக்கத்தில் ஏதாவது ஒன்று பாதியாக இருக்கும். ரப்பர் செருப்பின் குதிகால் பக்கம். சீப்பின் பாதி. ஒரு காலை அவள் சாப்பாட்டுத் தட்டுக்குள் மடித்த துணி இருந்தது. பிரித்தால், பின்பாதி இல்லாத பல்லி. முன்னங்கால் இரண்டும் இன்னும் மெதுவாக எதையோ பற்றப் பார்த்துக்கொண்டிருந்தன. வாந்தி எடுத்து எடுத்துக் கடைசியில் வெறும் மஞ்சள் தண்ணீர் வந்தது. பூனை வேலை என்றாள் அம்மா. பூனை துணியில் மடித்துத் தருமா என்று கேட்க வாய் எடுத்து, விருந்தாளி வாசற்படியில் நின்று தன்னையே ஆசையாகப் பார்ப்பதைக் கண்டு, நிறுத்திக்கொண்டாள். அந்தப் பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பரிசு கொடுத்துவிட்டு, பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

அன்றுதான் விருந்தாளி தலையைப் பின்னியிருந்ததை தேவிப்ரியா கவனித்தாள். நுனியில் நீலப் பூப்போட்ட ரப்பர் பேண்ட். ஹோய் ஆனில் தொலைந்த அதே ரப்பர் பேண்ட். அதற்குக் கீழே தொங்கிய ஒரு சாண் முடி மற்றதைவிடச் சுருட்டையாக, தேவிப்ரியாவின் முடியாக இருந்தது.

இப்படித்தான் அந்தச் சோப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது.

அன்று பௌர்ணமி. காலையிலேயே கிரிவலப் பாதையில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். பாதையோரம் அப்பா போடும் சுக்கு காபிக் கடைக்கு அம்மா சுண்டல் அவித்துக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா சோப்பை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனபோது, அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"அருவாமணை பட்டுடுச்சு. ஒண்ணும் இல்ல போ."

"எங்க, காட்டு."

"அதான் ஒண்ணும் இல்லன்றேன்ல," என்று அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அடுப்புப் பக்கம் திரும்பும்போது அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. வெட்கப்பட்டதுபோல ஒரு சிரிப்பு.

கூடத்துக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள் தேவிப்ரியா. விசைகளின் மேல் ஒரு சின்ன முடிச்சு. அம்மாவின் பழைய புடவையில் கிழித்த துணி. பிரிக்க வேண்டாம் என்று மனசு சொன்னது. கை பிரித்தது. உள்ளே ஒரு நகம், மருதாணி சிவந்த நகம், பாதி. அதன் அடியில் துணி ஒட்டியிருந்தது, ரத்தம் இல்லை. ஈரமே இல்லை. வறுத்த கடலையின் தோல்போலச் சுத்தமாகக் காய்ந்திருந்தது.

"உன் பாதி," என்று காதோரம் சொன்னாள் விருந்தாளி. எப்போது வந்து பின்னால் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. அந்த மூச்சில் கடலை வாடை அடித்தது. "எதுவா இருந்தாலும்னு நீதான சொன்ன."

தேவிப்ரியா திரும்பினாள். இத்தனை நாளில் அவள் வாய் திறந்திருப்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. பற்கள் எல்லாம் ஒரே அளவு. சின்னது, பெரியது, கூர் என்று வித்தியாசமே இல்லை. முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்குப் பின்னால், தொண்டை இருட்டுக்குள், இன்னும்.

தேவிப்ரியா ஓடிப்போய் அம்மாவைப் பிடித்து உலுக்கினாள். "அவள அனுப்பிடும்மா. இப்பவே. அவ உன் விரல கடிச்சிருக்கா."

ராஜம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. "வலிக்கவே இல்லடி," என்றாள் மெதுவாக. "துணியப் போட்டுக்கினுதான் கடிச்சிது. எவ்ளோ ஆசையா கேட்டுச்சு தெரியுமா? நீ எங்கிட்ட இன்னா கேட்டுருக்க? பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து கேட்ட. அவ்ளோதான்."

உண்மையும் அதுதான். ஆனால் அம்மாவை இங்கிருந்து கிளப்பியாக வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வா, கடைக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். சுண்டல் வெந்துகொண்டிருக்கிறது, பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று அம்மா அசையவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள். பௌர்ணமிக் கூட்டத்தில் போன் போகவில்லை. பக்கத்து வீடுகளில் எல்லோரும் பாதைக்குப் போய் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கதவிலும் பூட்டு.

பகல் முழுக்க தேவிப்ரியா அம்மாவை விட்டு நகரவில்லை. வெயில் தாழ்ந்து, அம்மா இரண்டாம் தவணைச் சுண்டலை அடுப்பில் ஏற்றியபோது விருந்தாளி தேவிப்ரியாவின் கட்டிலில் படுத்துத் தூங்கினாள். போர்வை முனை வாயில் இருந்தது. தாடை அசைந்துகொண்டே இருந்தது. தேவிப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டாள். "அம்மா, நான் போய் அப்பாவ இட்டுனு வந்துடறேன். அதுவரைக்கும் இந்தக் கதவத் தொறக்காத. என் மேல சத்தியம்," என்றாள். ராஜம்மாள் தலையை ஆட்டினாள்.

தெருமுனையைத் தாண்டினால் கிரிவலப் பாதை. தலைகளால் நிரம்பி நகர்ந்துகொண்டிருந்தது. மிதிபட்ட வாழைப்பழமும் கற்பூரப் புகையும் மூத்திரமும் வேர்வையும் சேர்ந்து மூக்கில் ஏறின. வெறுங்காலில் ஏதோ வழுக்கியது, என்னவென்று குனிந்து பார்க்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் போய் அப்பாவின் கடையை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

தருமன் காபி ஆற்றிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். அவள் துணி முடிச்சைப் பிரித்துக் காட்டிய நகத்தைப் பார்த்தார். "அருவாமணை பட்டுப் பேந்துருக்கும். அதப் போயி முடிஞ்சி எடுத்துனு வந்துருக்கியே," என்றார்.

"அப்பா, சத்தியமா சொல்றேன். வாங்கப்பா."

"வந்தவங்கள பௌர்ணமி அன்னிக்கு வெளிய அனுப்புவாங்களா? காலையில நானே பஸ் ஏத்தி உடறேன். நீதான வரச் சொன்ன அந்தப் பொண்ண." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டின் ஒரு முனை மென்று விறைத்திருந்தது.

தேவிப்ரியா அந்த முனையையே பார்த்தாள். பிறகு அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. இன்றைக்கு இருந்தன. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு கதவு. ஒரு தாழ்ப்பாள். பசி என்று உள்ளேயிருந்து யார் கேட்டாலும் பொறுக்க மாட்டாத அம்மா.

திரும்பி ஓடினாள். ஓட முடியவில்லை. மலையைச் சுற்றுகிற கூட்டம் ஒரே பக்கம்தான் போகும். அவள் எதிர்ப்பக்கம் போக வேண்டியிருந்தது. ஈரச் சட்டைகள் முகத்தில் உரசின. யாரோ ஒரு அம்மாள், "எதுருல வரக்கூடாதும்மா, சுத்தி வா," என்றாள். தோள்களை இடித்துக்கொண்டு, காலை மிதித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு போனாள். அத்தனை ஆயிரம் பேர். ஒருவரிடமும் சொல்ல ஒரு வார்த்தை அவளிடம் இல்லை.

பச்சை கேட் சாத்தியிருந்தது.

கூடத்தில் விளக்கு எரிந்தது. சுண்டல் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை. அதற்கு மேல் கடலை வாடை. அறைக் கதவு திறந்திருந்தது. தாழ்ப்பாள் உடையவில்லை. ஒழுங்காக, பொறுமையாக, வெளியேயிருந்து விலக்கப்பட்டிருந்தது. அறை வாசலில் ஒரு சொம்பு தண்ணீர். சொம்பின் விளிம்பு பாதி இல்லை.

அடுப்பங்கரையில் சத்தம்.

கடக்.

மல்லாட்டை உருண்டை உடைகிற சத்தம்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டையும் நீட்டி, மடியில் கை வைத்து, அலுப்பாக உட்காரும்போது எப்படி உட்காருவாளோ அப்படி. முந்தானையைத் தலைமேல் இழுத்து முகம் முழுக்க மூடியிருந்தாள். எதிரே விருந்தாளி மண்டி போட்டு, அம்மாவின் தோளை அன்பாகப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து அந்தத் துணியின் மேல் வைத்திருந்தாள். வாய் திறந்துகொண்டே போனது. நெற்றியிலிருந்து தாடை வரை.

கடக்.

மென்றாள். விழுங்கினாள். பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

முந்தானை இடது பக்கம் உச்சந்தலையிலிருந்து நேராகத் தோளில் விழுந்தது. அங்கே அதைத் தாங்க எதுவும் இல்லை. வலது பக்கம் கன்னமும் மூக்குத்தியும் துணிக்கடியில் மேடாகத் தெரிந்தன. அந்தப் பக்கத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. மூச்சு.

"வந்துட்டியா ப்ரியா," என்றது துணிக்கடியிலிருந்து அம்மாவின் குரல். பாதிக் குரல். மீதி காற்று. ஒரு வாரத்துக்குப் பிறகு அவளுடைய பேர் அவளிடம் திரும்பி வந்திருந்தது. "பசிக்கிதாடி?"

தேவிப்ரியா அம்மாவின் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். விருந்தாளி அவள் கையைப் பிடித்து, அம்மாவின் முந்தானையில் வாய் வைத்த இடத்தைத் தொட வைத்தாள். கஞ்சி போட்டுக் காய வைத்த புடவைபோல மொடமொடவென்று இருந்தது. ரத்தமில்லை. ஒரு சொட்டு ஈரமில்லை.

"எச்சி இல்ல," என்றாள்.

வெளியே பாதையில் ஆயிரம் வாய்கள் சேர்ந்து அரோகரா என்றன. ராஜம்மாள் நகம் போன விரலால் முந்தானையைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, மிச்சமிருந்த பக்கத்தை மகளிடம் திருப்பிக் காட்டினாள்.